சி3: கிருமியின் மேல் ஒட்டும் புரதம்

காலராக் கிருமிக்கு எதிராகப் பழக்கப்படுத்திய விலங்கின் சீரம் அக்கிருமியைக் கொல்லும். ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அந்த ஆற்றலை இழந்துவிடும். ஆனால், காலராவையே அறியாத வேறொரு விலங்கின் புதிய சீரத்தைச் சிறிது சேர்த்ததும் அதை மீண்டும் பெறும். 1890களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இதைக் கண்டறிந்த பெல்ஜிய அறிவியலாளர் ஜூல் போர்டே, சூட்டைத் தாங்கும் எதிர்ப்பொருளோடு சூட்டில் அழியும் மற்றொரு பொருளும் இணைந்தே கிருமியைக் கொல்கிறது என்று உணர்ந்தார். எதிர்ப்பொருளின் பணியை நிறைவு செய்வதால் அதற்கு 'காம்ப்ளிமென்ட்', அதாவது நிரப்பு, என்று பால் எர்லிக் பெயரிட்டார்.

அந்தப் பெயரே அதன் பெருமையை நெடுங்காலம் மறைத்தது எனலாம். எதிர்ப்பொருள் இல்லாமலேயே நிரப்பு இயங்கும் என்று 1954இல் அறிவித்த லூயி பில்லிமரை உடன் ஆய்வாளர் பலர் நம்பவில்லை. 1957இல் அவர் மறைந்த பிறகே அக்கருத்து நிலைபெற்றது என்பது வருத்தத்திற்குரியது.

நிரப்பு என்பது ஒரே பொருளன்று, முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களின் தொகுதி. அவற்றுள் வியப்பிற்குரியது, பெரும்பாலும் கல்லீரலில் உருவாகும் சி3. தயோஎஸ்டர் என்னும் வினைத்திறன் மிக்க பிணைப்பு ஒன்று அதனுள்ளே மடிந்து மறைந்திருக்கிறது. பலாப்பழத்தை அறுத்தவுடன் கசியும் பால் முதலில் தொட்டதைப் பற்றிக்கொள்வது போல, சி3 வெட்டுப்பட்டதும் வெளிப்படும் அப்பிணைப்பு அருகிலுள்ள பரப்பில் நிலையாக ஒட்டும். எதுவும் அகப்படாவிட்டால் நீரோடு வினைபுரிந்து நொடிப்பொழுதில் வீணாகிவிடும். ஒட்டிய துண்டு மேலும் பல சி3 மூலக்கூறுகளை வெட்டும் நொதி உருவாகத் துணைநிற்பதால், சில நிமிடங்களில் பாக்டீரியா முழுவதும் போர்த்தப்பட்டு, விழுங்கு செல்களுக்கு எளிதில் இரையாகிறது. தொடர்வினையின் முடிவில் சி9 மூலக்கூறுகள் வளையமாகக் கூடிச் சவ்வில் துளையிடுவதும் உண்டு; தடித்த சுவருடைய கிராம் நேர் பாக்டீரியாக்களை அத்துளை பெரும்பாலும் பாதிப்பதில்லை என்பதால், அவற்றுக்கு எதிராகச் சி3 போர்வையே முதன்மையானது.

உடலின் சொந்தச் செல்களிலும் சி3 ஒட்டவே செய்கிறது. ஆயினும், எண்ணெய் தடவிய கையில் பலாப்பால் நிலைக்காததைப் போல, காரணி எச் முதலிய காப்புப் புரதங்கள் அதை அங்கே செயலிழக்கச் செய்கின்றன. இக்காப்புப் புரதங்களுள் சில சிவப்பணுக்களில் இல்லாமற்போகும் அரிய நோயில், நிரப்பு தன் உடலின் அணுக்களையே உடைத்தழிக்கிறது. எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டினால் மட்டும் போதும் என்று மக்களை நம்பவைக்கும் விளம்பரங்கள், தாக்குதலுக்கு நிகராகக் கட்டுப்பாடும் உயிர்காக்கும் என்பதைச் சொல்வதேயில்லை. மூளைச்சவ்வுக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியாவோ அந்தக் கட்டுப்பாட்டை நன்கு பயன்படுத்திக்கொள்கிறது: மனிதக் காரணி எச்சைப் பற்றி இழுக்கும் புரதம் ஒன்றைத் தன் மேற்பரப்பில் வைத்து, அந்தக் காப்பைத் தானும் போர்த்திக்கொள்கிறது. அதே புரதம்தான் இன்று அதன் பி வகைக்கு எதிரான தடுப்பூசிகளில் சேர்க்கப்படுகிறது.