கூடையில் பந்து விழ வேண்டுமா? கிட்ட நின்று தொடங்குங்கள்!

1942-ம் ஆண்டு. அமெரிக்காவில், சிகாகோ நகரில் உள்ள டீபால் பல்கலைக்கழகம்.

அங்கே ஜார்ஜ் மைக்கன் என்று ஒரு மாணவர். உயரம் 6 அடி 10 அங்குலம்! கண்ணில் தடித்த மூக்குக் கண்ணாடி. ஓடினால் கால் தடுமாறும்.

"இவ்வளவு உயரமான ஆள் கூடைப்பந்துக்கு லாயக்குப்பட மாட்டார்" என்பதுதான் அந்தக் காலத்தில் பலருடைய எண்ணம்.

பயிற்சியாளர் ரே மேயர் அப்படி நினைக்கவில்லை. மைக்கனைக் கயிறு தாண்டச் சொன்னார். நடனம்கூடப் பழகச் சொன்னார். பிறகு கூடைக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, வலது கையால் பந்து போடச் சொன்னார்; அடுத்து இடது கையால். தினமும் நூற்றுக்கணக்கில்!

பலன் என்ன?

1950-ம் ஆண்டில் 'அசோசியேட்டட் பிரஸ்' செய்தி நிறுவனம், அந்த அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர் மைக்கன்தான் என்று அறிவித்தது.

மைக்கன் பயிற்சி

அந்தப் பயிற்சிக்கு இன்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் பிள்ளைகளும் செய்யலாம்.

வளையத்தின் கீழ் நில்லுங்கள். வலது பக்கம் ஓர் அடி வைத்து, இடது காலால் எம்பி, வலது கையால் பந்தைப் பலகையில் பட்டு விழும்படி போடுங்கள். விழும் பந்தைத் தரையில் படுமுன் பிடியுங்கள். உடனே இடது பக்கம்; வலது காலால் எம்பி, இடது கையால்.

பந்தை மோவாய்க்குக் கீழே இறக்கக் கூடாது. அரை நிமிடத்தில் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். நாளைக்கு ஒன்று கூட வேண்டும்!

பந்து ஏன் வளைந்து போக வேண்டும்?

வளையத்தின் அகலம் 18 அங்குலம். பெரியவர்கள் ஆடும் பந்தின் அகலம் சுமார் 9½ அங்குலம். இடம் தாராளம். ஆனாலும் விழுவதில்லையே, ஏன்?

அண்டாவை மேலே நின்று பாருங்கள். வாய் வட்டமாகத் தெரியும். குனிந்து பக்கவாட்டில் பாருங்கள். வெறும் கோடுதான் தெரியும். நேராக எறியும் பந்துக்கு வளையம் கோடு. உயர்ந்து, வளைந்து இறங்கும் பந்துக்கு அது வட்டம்!

அதனால் முதலில் 3 அடி தூரத்தில் நில்லுங்கள். முழங்காலைச் சற்று மடக்குங்கள். முழங்கை பந்துக்கு நேர் கீழே இருக்கட்டும். பந்து உள்ளங்கையில் அல்ல, விரல்களில் இருக்க வேண்டும். போட்டதும் மணிக்கட்டு முன்னால் மடங்க வேண்டும். தொடர்ந்து 5 விழுந்தால் ஓர் அடி பின்னே போங்கள். 2 தவறினால் ஓர் அடி முன்னே வாருங்கள்.

சிறு குழந்தைகளை 10 அடி உயர வளையத்தில் போடச் சொல்லாதீர்கள். எட்டாத உயரத்துக்குத் தோளால் தள்ளிப் பழகினால், அந்தப் பழக்கம் பிறகு போகாது. 'மினி' கூடைப்பந்தில் வளையம் சுமார் 8½ அடிதான். பந்தும் சிறியது.

இரண்டு விளையாட்டுகள்

உலகம் சுற்றுதல்: வளையத்தைச் சுற்றி 7 இடங்களில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். பந்து விழுந்தால் அடுத்த குறிக்குப் போகலாம். தவறினால் அடுத்தவர் முறை. முதலில் சுற்றி முடிப்பவருக்கு வெற்றி.

குதிரை: ஒருவர் தாம் விரும்பிய இடத்திலிருந்து, விரும்பியபடி போடுவார். பந்து விழுந்தால், மற்றவர்களும் அதே மாதிரி போட வேண்டும். தவறினால் 'கு'. மறுபடி தவறினால் 'தி'. மூன்றாவது தடவை 'ரை'. ஆள் அவுட்!

கடைசியில், நன்றாக ஓடி மூச்சு வாங்கும்போது, பலகையிலிருந்து 15 அடி தள்ளியுள்ள பிரீ த்ரோ கோட்டில் நின்று 10 தடவை போடுங்கள். பந்தயத்தில் அந்த வாய்ப்பு களைத்த நேரத்தில்தானே வருகிறது?

மைக்கன் 2005-ல் காலமானார். கால் தடுமாறிய அந்த மாணவர் செய்த பயிற்சியைத்தான் இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

உங்கள் பிள்ளைக்கு இன்று ஒரு பந்துகூட விழவில்லையா? திட்டாதீர்கள். ஓர் அடி கிட்ட வரச் சொல்லுங்கள்!