சோளன் பொத்திக்குள்ள புளோரிடாப் புழு

போன ஆகஸ்ட் கடைசியில், றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே றோட்டோரத்தில் விற்ற சோளன் ஒரு டசின் வாங்கி வந்தோம். மட்டை உரித்துக்கொண்டிருந்த மகள் "அம்மா, புழு!" எண்டு பொத்தியைத் தூக்கி எறிந்தாள். படம் எடுத்து கிளிநொச்சியில இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இது எங்கட சேனாப் புழுவெல்லே!"

அதேதான். முகத்தில் தலைகீழான 'வை' எழுத்து, வால்பக்கம் சதுரமாக நாலு கறுப்புப் புள்ளி. படைப்புழு. 2018-19 பெரும்போகத்தில் இலங்கையின் சோளன் தோட்டங்களை நாசமாக்கிய அதே இனம். பெரியம்மா வீட்டாருக்கு அந்தப் போகம் விதைத்த காசுகூடத் திரும்பி வரவில்லை.

இதன் சொந்த இடம் அமெரிக்கக் கண்டம். 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும் இலங்கையிலும் கண்டுபிடித்தார்கள். ஒன்ராறியோவுக்கு இது பழைய விருந்தாளி, ஆனால் குடியிருப்பாளர் இல்லை. இங்குள்ள பல பூச்சிகள் முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ உறங்கிப் பனிக்காலத்தைக் கடக்கும். படைப்புழுவுக்கு அந்த உறக்கம் தெரியாது. வட அமெரிக்காவில் அது குளிருக்குத் தப்புவது தெற்குப் புளோரிடா, தெற்கு ரெக்சஸ் போன்ற சூடான இடங்களில்தான். வசந்தம் வந்ததும் அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக வடக்கே நகரும். எங்கட அடுப்படிக்கு வந்தது, புறப்பட்டதன் பேரப்பிள்ளையோ பூட்டப்பிள்ளையோ!

இரண்டு விரல் அகலம்கூட வராத சாம்பல் நிற அந்துப்பூச்சி இவ்வளவு தூரம் எப்படிப் பறக்கும்? பெரும்பாலும் காற்றுத்தான் கொண்டுவருகிறது. இருட்டியதும் பல நூறு மீற்றர் மேலே ஏறி, தெற்கிலிருந்து வரும் வேகமான காற்றில் சேர்ந்துவிடும். ஒரே இரவில் 100 கிலோமீற்றர் போகும். மிசிசிப்பியிலிருந்து தெற்குக் கனடாவுக்கு 1,600 கிலோமீற்றரை 30 மணித்தியாலத்தில் கடந்ததாகவும் ஒரு பதிவு உண்டு.

இறங்கிய இடத்தில் தாய் நூறு, இருநூறாக முட்டைகளைக் குவித்து, தன் உடம்புச் செதிள்களாலேயே போர்த்துவிடும். மூன்று நாளில் குஞ்சுப் புழுக்கள் நூல் விட்டுக் காற்றில் ஆடி அடுத்த செடிக்குப் போகும். பெருத்தவை கூடப்பிறந்ததையே தின்னும் (இதை மகள் மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள்). இரண்டு மூன்று கிழமையில் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். சூடான காலத்தில் முட்டையிலிருந்து பூச்சிவரை ஒரு மாதம் போதும்.

பிந்தி விதைத்த சோளனில்தான் இங்கே இது கூடுதலாக வரும். பொத்தியின் பக்கவாட்டில் மட்டையைத் துளைத்திருந்தால் பெரும்பாலும் இதுதான். நுனிப் பக்கத்தால் நுழைந்திருந்தால் தெற்கிலிருந்து வரும் வேறொரு புழுவாக இருக்கலாம். எதுவானாலும் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை அவிக்கலாம், பயமில்லை.

நவம்பரில் நிலம் உறையும்போது இங்கே மண்ணுக்குள் இருப்பவை எல்லாம் செத்துவிடும். ஒன்ராறியோ விவசாயிக்கு அது வருசா வருசம் காசில்லாமல் நடக்கிற சுத்திகரிப்பு. கிளிநொச்சியில் நிலம் உறைவதில்லை. அதனால் பெரியம்மா விடியக் காலமை சோளனுக்குள் இறங்கி, இலை இலையாகத் திருப்பி முட்டைக் குவியலைக் கையால் நசுக்கிறா. குருத்துக்குள் கொஞ்சம் மணலும் போடுறா.