பதின்ம வயதுப் பிள்ளைகளுடன் ஒரு கேளிக்கைப் பூங்காப் பயணம்

ஐசலின் வாழ் தமிழ்க் குடும்பங்கள் காலையிற் புறப்பட்டு இரவில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் உள்ளது, ஜாக்சனில் 1974இல் திறக்கப்பட்ட சிக்ஸ் பிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர். அங்கிருந்த 456 அடி உயரக் 'கிங்டா கா' 2025இல் தகர்க்கப்பட்டுவிட்டது. எனினும் 230 அடி உயர 'நைட்ரோ' இருக்கின்றது. சங்கிலியொன்று வண்டியை முதற் சிகரத்துக்கு இழுத்துச் செல்லும். அதன்பின் இயந்திரமில்லை, உயரம் தந்த ஆற்றலே ஓட்டுகின்றது. உராய்வினால் அவ்வாற்றல் குறைவதாலேயே பின்வரும் மேடுகள் தாழ்ந்துள்ளன. (பௌதிக வகுப்பில் நித்திரை கொள்ளும் மாணவரும் இங்கே விழித்திருப்பர்!)

பெற்றோரே, எதில் எப்போது ஏறுவதென்பதைப் பிள்ளைகளே திட்டமிடட்டும். பதினைந்து வயது மகனின் கையைப் பிடித்தபடியே நாள் முழுதும் நடந்தால், அடுத்த ஆண்டு அவன் நம்முடன் வரமாட்டான். மதிய உணவுக்கு ஒன்றுகூடும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் நாம் குறிப்போம்.