புருவத்தைத் தாங்கும் தசை

நெற்றியில் புருவத்தை மேலே தூக்குவதற்கு ஒரே ஒரு தசைதான் இருக்கிறது. கீழே இழுப்பதற்குப் பல இருக்கின்றன. நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசியைப் பற்றிப் பேச வருபவர் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 'போடாக்ஸ்' என்ற பெயர் தெரியாதவர்கள் இன்று நகரங்களில் குறைவு. ஆனால் பெயர் பரவிய அளவுக்கு, அந்த மருந்து எந்தத் தசைக்குள் போய் என்ன செய்கிறது என்ற செய்தி பரவவில்லை.

தூக்கும் தசை புருவத்தின் தோலில் தொடங்கி, நெற்றி வழியாக நேரே மேலேறி, மண்டையை மூடியிருக்கும் சவ்வில் முடிகிறது. அது எலும்பில் எங்கும் ஒட்டுவதில்லை. அதனால் அது சுருங்கும்போதெல்லாம் புருவமும் நெற்றித் தோலும் சேர்ந்தே மேலே போகின்றன. தசையிழைகள் மேலும் கீழுமாக ஓடுவதால் தோல் அவற்றுக்குக் குறுக்காக மடிகிறது. நெற்றியில் நாம் பார்க்கும் கிடைக்கோடுகள் அப்படி விழுந்தவை. புருவங்களுக்கு நடுவே நெட்டுக்கு விழும் கோடுகளுக்குக் காரணம் வேறு தசைகள். முகம் சுளிக்கும்போது புருவங்களை உள்ளும் கீழுமாக இழுப்பவை அவை. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் அந்தக் கீழிழுக்கும் அணியைச் சேர்ந்ததுதான்.

இளம் வயதில் தசை தளர்ந்ததும் கோடும் மறைந்துவிடும். தோலுக்குள் இருக்கும் கொல்லாஜன், எலாஸ்டின் இழைகள் அதை இழுத்து நேராக்கிவிடும். வயது ஏற ஏற, வெயில் பட்டுப் பட்டு, அந்த இழைகள் நலிகின்றன. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்த பட்டுப்புடவை அந்த இடத்திலேயே நைந்துபோவது போல, தோலும் தினமும் மடியும் இடத்தில் நிரந்தரக் கோடு வாங்கிக்கொள்கிறது. முகத்தை அசைக்கும்போது மட்டும் தோன்றும் கோட்டுக்கும், சும்மா இருக்கும்போதும் தெரியும் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்தச் சிகிச்சையில் மிக முக்கியமானது. ஊசி தசையைத்தான் தளர்த்தும். முதல் வகைக் கோடு நன்றாக மறையும். இரண்டாம் வகை மங்கலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். பள்ளத்தை நிரப்பும் 'ஃபில்லர்' என்பது முற்றிலும் வேறு பொருள், வேறு சிகிச்சை. இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் காசைக் கொட்டுபவர்கள் நிறைய.

இந்த மருந்து ஒரு நஞ்சு. அதை மறைக்கத் தேவையில்லை. உலகில் அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியதும் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மேற்கு ஜெர்மனியில், சரியாகப் பக்குவம் செய்யாத இரத்தத் தொத்திறைச்சியைத் தின்ற ஏழைகள் பார்வை மங்கி, இமை சரிந்து, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சு நின்று செத்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞராகவும் பேர் பெற்றவர்) அந்த நோயாளிகளைப் பற்றி ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். விலங்குகளிடம் மட்டுமின்றித் தன் மீதும் அந்த நஞ்சைச் சோதித்துப் பார்த்தார். 1822இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு துணிச்சலான யோசனை இருக்கிறது: நரம்புகள் அளவுமீறி வேலை செய்யும் நோய்களில் இதே நஞ்சை மிகச் சிறு அளவில் கொடுத்தால் அது மருந்தாகக்கூடும். அந்த யோசனை மெய்ப்பட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1895இல் பெல்ஜியத்தின் எல்செல் என்ற சிற்றூரில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றியிறைச்சியைச் சாப்பிட்டார்கள். பலர் நோயில் விழுந்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் வளர்வது அது. இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதன் வித்துகள் மண்ணில் எங்கும் உண்டு, தேனிலும் இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அந்த வித்துகள் பொதுவாக முளைப்பதில்லை. பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும்போது நாக்கில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இந்தப் பாக்டீரியாதான். கட்டுரையின் பொருளிலிருந்து விலகினாலும் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

நஞ்சு வேலை செய்யும் விதம் வியக்க வைப்பது. நரம்பு தசையைத் தொடும் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நுண்பைகளில் அடைபட்டிருக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வந்ததும் அந்தப் பைகள் நரம்பின் வெளிச்சுவரோடு ஒட்டித் திறந்து பொருளை வெளியே விட, தசை சுருங்குகிறது. பையைச் சுவரோடு சேர்த்து இழுப்பவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் சில புரதங்கள். அவற்றுள் ஒன்று ஸ்நாப்-25. பொட்டுலினம் நஞ்சில் இரண்டு பகுதிகள் உண்டு. பெரிய பகுதி நரம்பு முனையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சிறிய பகுதியை உள்ளே கொண்டு சேர்க்கிறது. சிறிய பகுதி துத்தநாக அணு ஒன்றைச் சுமந்த ஒரு நொதி. 'ஏ' வகை நஞ்சில் அது ஸ்நாப்-25ஐக் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறது. புரதம் வெட்டுப்பட்டால் பை திறக்காது. நரம்பும் சாவதில்லை, தசையும் சாவதில்லை. கட்டளை மட்டும் போய்ச் சேர்வதில்லை.

இதை மருந்தாக்கியவர் ஒரு கண் மருத்துவர். சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைக் கத்தியில்லாமல் சரிசெய்யும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் இழுக்கும் கண் தசையைச் சற்றுத் தளர்த்தினால் விழி நேராகும் அல்லவா? எட்வர்ட் ஷான்ட்ஸ் என்ற விஞ்ஞானி தூய்மையாக்கித் தந்த நஞ்சை முதலில் குரங்குகளிலும், 1970களின் இறுதியில் மனிதர்களிடமும் செலுத்தினார். 1989இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடின்றி இமை இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதை அனுமதித்தது.

கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் அந்த இமை நோய்க்கு ஊசி போட்டுவந்த கண் மருத்துவர். 1987இல் நோயாளிப் பெண்மணி ஒருவர், இந்த முறை ஏன் புருவ நடுவில் போடவில்லை என்று வருத்தப்பட்டார். அங்கே நோய் இல்லையே என்றார் மருத்துவர். போட்டால் முகத்தில் கவலை போய் அமைதி வருகிறது என்றார் அந்தப் பெண்மணி. ஜீனின் கணவர் அலஸ்டெர் தோல் மருத்துவர். முகச் சுளிப்புக் கோடுகளுக்கு வழி தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தவர். இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1992இல் அச்சேறியது. புருவ நடுக்கோடுகளுக்கு 2002இலும், கண்ணோரக் கோடுகளுக்கு 2013இலும், நெற்றியின் கிடைக்கோடுகளுக்கு 2017இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நெற்றிக்கு ஏன் இத்தனை தாமதமாக அனுமதி வந்தது என்று கேட்கத் தோன்றும். வணிகக் காரணங்களும் இருக்கலாம். ஆனால் உடற்கூறு சொல்லும் பதில் ஒன்று உண்டு. புருவ நடுவில் தளர்த்துவது கீழே இழுக்கும் தசைகளை. அவை தளர்ந்தால் புருவம் இறங்காது, சிறிது உயரவும் கூடும். நெற்றியில் தளர்த்துவது புருவத்தைத் தாங்கி நிற்கும் ஒரே தசையை. அதை முழுக்க அடக்கிவிட்டால் கோடு மறையும், கூடவே புருவம் கண்ணின் மேல் இறங்கும். அதனால்தான் போடாக்ஸ் மருந்தின் அனுமதிக் குறிப்பே நெற்றிக்கு 20 யூனிட்டை ஐந்து இடங்களில் பிரித்துப் போடும்போது, புருவ நடுவிலும் 20 யூனிட் போடச் சொல்கிறது. தூக்குபவனைக் கொஞ்சம் தளர்த்தினால் இழுப்பவர்களையும் தளர்த்தவேண்டும் என்பது கணக்கு. நெற்றியின் கீழ்ப்பகுதியில், புருவத்துக்கு மிக அருகே, அனுபவமுள்ளவர்கள் ஊசி போடத் தயங்குவதும் இதனால்தான்: புருவத்தைத் தூக்குவது அந்தக் கீழ்ப்பகுதி. ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் மட்டும் போட்டால் புருவத்தின் வெளிமுனை மட்டும் கொக்கிபோல் மேலேறி நிற்கும்.

இன்னொன்று. ஐம்பது, அறுபது வயதைக் கடந்த சிலருக்கு இமைத்தோல் தொங்கிப் பார்வையை மறைக்கத் தொடங்கியிருக்கும். அவர்கள் தமக்கே தெரியாமல் நாள் முழுதும் நெற்றித்தசையை இறுக்கிப் புருவத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். அந்த நெற்றிக்கோடு கவலையின் கோடு அல்ல, பார்வைக்காக உழைக்கும் தசையின் தடம். நல்ல மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி, நெற்றி தளர்ந்த பிறகு அதைக் கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கச் சொல்வார். இமை கருவிழிக்கு மேல் விழுந்து மறைத்தால் அங்கே ஊசிக்கு இடமில்லை. கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஊசியை எடுப்பவரிடம் நெற்றியைக் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 யூனிட் குப்பியில் இருக்கும் நஞ்சு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. குப்பியின் அடியில் தெரியும் மெல்லிய படலம் அதைக் காத்து நிற்கும் ஆல்புமின் புரதமும் உப்பும்தான். அதில் 2.5 மில்லி சலைன் கலந்தால் 0.1 மில்லிக்கு 4 யூனிட் கிடைக்கும்; நெற்றியில் ஓர் இடத்துக்கு அவ்வளவுதான். யூனிட் என்ற அளவு சுண்டெலிகளில் பிறந்தது: ஊசி போட்ட எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு ஒரு யூனிட். 2011இல் போடாக்ஸ் மருந்துக்கு உயிரணுக்களில் செய்யும் சோதனை அனுமதி பெற்ற பிறகு எலிகளின் தேவை குறைந்தது. ஒரு நிறுவனத்தின் யூனிட் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டுக்குச் சமமல்ல. டிஸ்போர்ட், ஜியோமின் போன்றவற்றுக்குத் தனித்தனி அளவுகள் உண்டு. "20 யூனிட் போட்டேன்" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொன்னதாகாது.

ஊசி போட்டு முடிக்க ஐந்து, பத்து நிமிடம் போதும். பலன் உடனே தெரியாது. இரண்டு மூன்று நாளில் தொடங்கி, இரண்டு வாரத்துக்குள் முழுமை பெறும். ஒருபக்கம் குறைந்ததா கூடியதா என்று பார்த்துத் திருத்துவது அப்போதுதான். மூன்று நான்கு மாதங்களில் நரம்பு முனை புதுக் கிளைகள் விட்டு, பிறகு பழைய முனையே மீண்டு, தசை பழையபடி அசையும். நிறுத்திவிட்டால் கோடுகள் முன்னைவிட மோசமாகும் என்ற பேச்சு தவறு. பழைய நிலைக்குத்தான் வரும். அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2006இல் ஓர் இரட்டைச் சகோதரிகளின் கதை வெளியானது. ஒருவர் 13 ஆண்டுகள் விடாமல் ஊசி போட்டுவந்தவர், மற்றவர் இரண்டே முறை. ஓய்வான முகத்தில் கோடுகள் பின்னவருக்கே தெரிந்தன. இரண்டே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிய முடிவு எடுக்கலாகாது. ஆனால் மடிப்பு விழாத தோல் கோடு வாங்குவதில்லை என்ற எண்ணத்துக்கு அது ஒத்துவருகிறது.

முகம் அசையாவிட்டால் மனத்துக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. 2010இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வில், புருவ நடுவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் கோபமும் துயரமும் சொல்லும் வாக்கியங்களைப் படித்துப் புரிந்துகொள்ளச் சற்றே கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். முகத்தின் அசைவும் உணர்வைப் புரிந்துகொள்வதில் பங்கு வகிக்கிறது என்று அது சுட்டுகிறது.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த ஊசி பரிந்துரைக்கப்படுவதில்லை. மையாஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள், ஜென்டாமைசின் வகை ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட இடத்தில் சிறு கன்றிப்போதலும் தலைவலியும் சாதாரணம். இமை சரிந்தால் சில வாரங்களில் மீளும். அதுவரை தாங்கச் சொட்டு மருந்து உண்டு.

முறையாக அனுமதி பெற்ற மருந்து, அழகுக்குப் போடும் அளவில், உயிருக்கு ஆபத்தாவது மிக மிக அரிது. ஆபத்து வரும் வழி வேறு. 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நால்வர் உடல் முழுதும் செயலிழந்து செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். அவர்களுக்குப் போடப்பட்டது அனுமதி பெற்ற மருந்தல்ல, ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்காக விற்ற கச்சா நஞ்சு. அதைப் போட்ட மருத்துவரும் அந்த நால்வரில் ஒருவர். 2024இல் போலிக் குப்பிகளாலும் உரிமமில்லாதவர்கள் போட்ட ஊசிகளாலும் அமெரிக்காவில் மீண்டும் பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். எனவே பெயரும் தொகுதி எண்ணும் உள்ள குப்பி தன் கண்முன் திறக்கப்படுவதைப் பார்க்கக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். எத்தனை யூனிட், எங்கெங்கே என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஊசிக்குப் பிறகு சில மணி நேரத்திலோ சில வாரங்களிலோ விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், ஊசி போட்ட இடத்துக்குத் திரும்பிப் போய்க் காத்திருக்காமல் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், போட்டுக்கொண்ட ஊசியைப் பற்றி அங்கே சொல்லவும் வேண்டும். நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். நரம்பு முனைக்குள் போய்விட்டதை அதனால் தொட முடியாது.