ஓர் ஆணியும் ஒரு காலண்டரும்

ஆடிப்பெருக்கு என்றால் காவிரிக் கரையில் சித்திரான்னம். சிவகாசியில் காலண்டர் ஆல்பம். புத்தாண்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும்போதே, வரப்போகும் படங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய கனத்த மாதிரிப் புத்தகத்துக்கு அன்று பூஜை போட்டு வெளியிடுகிறார்கள் அச்சகத்தார். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புகிறார்கள். நகைக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் மளிகைக்கடை அண்ணாச்சியும் புரட்டிப் பார்த்து, லட்சுமியில் இத்தனை, முருகனில் இத்தனை, குழந்தைப் படத்தில் கொஞ்சம் என்று ஆர்டர் கொடுக்கிறார்கள். படத்துக்குக் கீழே கடையின் பெயரும் போன் நம்பரும் ஏறுகின்றன. மார்கழியில் அது வாடிக்கையாளர் கைக்கு வந்து, தை பிறக்கும் முன்பே கூடத்துச் சுவரில் தொங்கிவிடுகிறது.

தொங்கவிடுகிறவருக்கு ஒரு பைசா செலவில்லை. ஏற்கெனவே அடித்த ஆணியே போதும்.

கையில் காசு அதிகம் இல்லாமல் வீட்டைப் புதுசாக்குவது எப்படி என்று இன்று ஆயிரம் வீடியோக்கள் ஓடுகின்றன. ஒட்டும் வால்பேப்பர், எல்.இ.டி. சரம், பிளாஸ்டிக் கொடி என்று அவை காட்டுவதெல்லாம் கடையில் போய் வாங்க வேண்டிய சரக்கு. ஆனால் தமிழ்நாட்டுச் சாதாரண வீடு வருஷத்துக்கு ஒருமுறை முகம் மாறிக்கொண்டுதான் இருந்தது: போகிக்கு முன் சுண்ணாம்பு, பொங்கலுக்குப் புதுப் படம். அந்தப் படத்தை அச்சடித்துக் கொடுத்த ஊர்களில் முதல் இடம் சிவகாசிக்கு.

மழை ஏமாற்றும் பூமி இது. விவசாயத்தை நம்ப முடியாத ஊரிலிருந்து 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டி என்றால் அதன் மேல் ஒட்ட லேபிள் வேண்டும். பட்டாசு வந்தபோது பாக்கெட்டுக்கும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் படம் தேவைப்பட்டது. அதற்காக ஊருக்குள் லித்தோ எந்திரங்கள் வந்தன, பிறகு ஆஃப்செட். மயில் மார்க், அணில் மார்க் என்று லேபிள் அடித்த எந்திரத்துக்குச் சாமி படம் அடிப்பதில் சிரமம் என்ன இருக்கிறது? எந்திரம் தயாராக இருந்தது. வரைந்து கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்தார். சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சில காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதியபடி ஊர் சுற்றியவர். 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு ‘தேவி ஆர்ட் ஸ்டுடியோ’வை நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற சீடர்கள் அங்கிருந்துதான் கிளம்பினார்கள். அவர்களுடைய மீனாட்சி கல்யாணத்தையோ கஜலட்சுமியையோ ஒருமுறை உற்றுப் பாருங்கள். பின்னால் தூண், இருபுறமும் ஒதுக்கிக் கட்டிய திரை, கீழே படிக்கட்டு, தூரத்தில் மலையும் நீரும் என அப்படியே நாடக மேடை. தெய்வம் நேராக நம்மைப் பார்க்கிறது. கடைசி வரிசை ரசிகனுக்கும் முகம் தெரிய வேண்டும் என்று மேடைக்கு எழுதிப் பழகிய கை அது. நாற்பது வாட் குண்டு பல்பு எரியும் பத்துக்குப் பத்து அறையில் அந்தப் படங்கள் எடுபட்டதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

1894-ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபோது ராஜாவின் அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியம் நடுத்தர வீட்டுக்கு இறங்கியது. அதைக் குடிசை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததில் சிவகாசிக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு காலத்தில் கலை விமர்சகர்கள் ‘காலண்டர் ஆர்ட்’ என்ற பெயரையே வசவாகப் பயன்படுத்தினார்கள். பிறகு காற்று திசை மாறியது. சிவகாசியின் படத் தொழிலைப் பற்றிக் கஜ்ரி ஜெயின் எழுதிய ஆராய்ச்சி நூல் 2007-ல் அமெரிக்காவில் வெளியானது. பழைய லித்தோ படங்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, பரணில் சுருட்டிக் கிடக்கும் தாத்தா காலத்துப் படத்தை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருதரம் விரித்துப் பார்ப்பது நல்லது.

விரித்துப் பார்த்தபின் செய்ய வேண்டியது சுலபம். மேலே அடித்திருக்கும் தகரப் பட்டையைக் கழற்றி, கீழே இருக்கும் கடைப் பெயரோடு சேர்த்துப் பிரேம் கடையில் கொடுக்கலாம். பலர் கடைப் பெயரை வெட்டிவிடுகிறார்கள். அது தப்பு, மூன்று இலக்க டெலிபோன் நம்பர் போட்ட ஒரு ஜவுளிக்கடை விளம்பரம்தான் பல சமயம் படத்தைவிட ருசியாக இருக்கிறது. பிரேம் மெல்லியதாக இருந்தால் போதும். வெயில் நேராக விழும் சுவரில் மட்டும் மாட்டக் கூடாது. அச்சு மையில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலம்தான் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். தெருவைப் பார்த்த சலூன்களில் முருகனும் வள்ளியும் உடம்பெல்லாம் நீலமாகி நிற்பது இதனால்தான். ஓதம் ஏறும் சுவரும் ஆகாது. கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, ஒரு சுவரில் ஒரே படம். ஏழு கடைக்காரர்கள் ஏழு காலண்டர் கொடுத்தார்கள் என்பதற்காக ஏழையும் மாட்டினால் அது வீடாக இருக்காது, ஆல்பமாக இருக்கும். தினசரி காலண்டருக்கு அடுக்களைப் பக்கம் ஓரிடம் ஒதுக்கிவிடலாம். ராகு காலமும் நல்ல நேரமும் அங்கே நின்றபடி பார்ப்பதுதானே வழக்கம்.

படம் நன்றாக இருந்து சுவர் அழுக்காக இருந்தால் பயனில்லை. எமல்ஷனோ டிஸ்டெம்பரோ ஏறாத பழைய சுவராக இருந்தால் சுண்ணாம்புக்கு மிஞ்சிய மலிவு கிடையாது. கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தகர டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அந்தச் சமயம் பிள்ளைகளை அண்டவிடக் கூடாது, கண்ணில் தெறித்தால் ஆபத்து. ஒரு ராத்திரி ஊறியபின் வடிகட்டி, கையில் ஒட்டாமலிருக்க வஜ்ஜிரமோ அரிசிக் கஞ்சியோ சேர்த்து, வெள்ளை எடுப்பாகத் தெரியச் சிட்டிகை நீலம் கலக்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் சுவரை நன்றாக நனைத்துவிட்டுத்தான் மட்டையைத் தொட வேண்டும். சுண்ணாம்பு வெறுமனே காய்வதில்லை. ஈரம் இருக்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக இறுகுகிறது. வெயில் உறிஞ்சிவிட்டால் மாவாக உதிரும். மிச்சமிருப்பதை மொட்டை மாடியில் ஊற்றித் தேய்த்துவிட்டால் கோடையில் கீழறையின் புழுக்கம் கொஞ்சம் குறையும்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அங்கே கணக்கு வேறு. பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்தில், நாலு சுவரும் சேர்ந்து நானூறு சதுர அடி. நாலையும் அடிப்பதற்குப் பதில் வாசலிலிருந்து நுழைந்ததும் கண்ணில் படும் ஒரே ஒரு சுவரை அடித்தால் நூறு சதுர அடி. சாதாரண எமல்ஷன் ஒன்றரை லிட்டர் இருந்தால் இரண்டு கோட்டும் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் வேலை. நிறத்தைப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். லட்சுமியின் சேலைச் சிவப்பை அல்ல, பின்னணியில் மங்கலாகத் தெரியும் வானத்தின் நிறத்தை.

அச்சகங்களில் இன்னொரு புதையல் உண்டு. எந்திரத்தில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க, அடித்த தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பிள்ளையார் மேல் ஊதுபத்தி லேபிள், அதன் மேல் கல்யாணப் பத்திரிகை வாழைமரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். எந்த ஓவியனும் திட்டமிட்டு வரைய முடியாத கலவை அது. சென்னை தாரா புக்ஸ் பதிப்பகம் தன் அச்சுப் பட்டறையில் மிஞ்சும் இப்படிப்பட்ட சோதனைத் தாள்களை அட்டையாகப் போட்டு நோட்டுப் புத்தகம் செய்து, ‘ஃப்ளூக் புக்ஸ்’ என்று பெயர் வைத்து விற்கிறது. சிவகாசியில் இது எடைக்குப் போகும் கழிவு. தெரிந்த அச்சகம் இருந்தால் கேட்டு வாங்கி, அலமாரித் தட்டில் விரிக்கலாம், பழைய டிரங்குப் பெட்டிக்கு மைதாப் பசையால் ஒட்டி மேலே வார்னிஷ் பூசலாம், மர ஸ்டூலின் தலைக்கு ஒட்டலாம். பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்துகொண்டால் பூச்சி அரிக்காது. அது விஷம் என்பதால் கலக்கிய பாத்திரத்தை அடுக்களைக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது.