பிரேக் பேட் தேய்வதை அறிவது எப்படி?

மலைப் பாதையில் இறங்கும் மோட்டார் வண்டியின் பிரேக்குக்கு எவ்வளவு வேலை என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முஸ்ஸூரியிலிருந்து டேராடூனுக்கு வரும் பாதையை எடுத்துக்கொள்வோம். சுமார் 35 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஏறக்குறைய 1,300 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். ஒரு டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் சக்தி முழுவதையும் உஷ்ணமாக்கினால், முப்பத்தைந்து லிட்டருக்கும் மேலான குளிர்ந்த நீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியதைத் தாங்குவது, உள்ளங்கை அகலங்கூட இல்லாத சில பேட்களும் அவை பற்றிப் பிடிக்கும் சக்கரத் தட்டுகளும்தாம்.

அந்தப் பாதையில்தான் எனக்குப் புத்தி வந்தது. டில்லியில் இருந்தபோதே பிரேக்கை மிதித்தால் மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. தூசியாக இருக்கும் என்று மூன்று வாரங்கள் கழித்துவிட்டேன். முஸ்ஸூரியிலிருந்து திரும்பும் வழியில், மனைவியும் குழந்தைகளும் பின்னால் உறங்கிக்கொண்டிருக்க, கீச்சொலி நின்று இரும்போடு இரும்பு அரைபடும் ஓசை எழுந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருந்து, பிறகு முதல் கியரிலேயே ஊர்ந்து ஊர் சேர்ந்தோம். பேட்களுக்கு மட்டும் செலவழித்திருக்க வேண்டிய இடத்தில், வரி வரியாகக் கீறப்பட்ட இரண்டு டிஸ்க்குகளுக்கும் சேர்த்துச் செலவழிக்க நேர்ந்தது. செலவு போகட்டும், அந்த ஓசை எழுந்த பிறகு கடந்த வளைவுகள் ஒவ்வொன்றும் இன்றும் நினைவில் இருக்கின்றன.

இன்றைய கார்களில் முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பெரும்பாலானவற்றில் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உள்ளன. காலால் மிதிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளுகிறது. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை இரு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்பேட்களே விரைவில் தேய்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தொடக்க கால அம்பாஸடர் போல நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருந்த வண்டிகளில், லைனிங் தேயத் தேயப் பெடல் கீழே இறங்கிக்கொண்டு வரும். ஓட்டுபவரின் காலுக்கே அது தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் அப்படியன்று. பேட் தேய்ந்த அளவுக்குப் பிஸ்டன் முன்னால் நகர்ந்து நின்றுகொள்கிறது. பெடலின் உயரம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே, “பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது” என்பது பேட் மிச்சமிருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. பழைய வண்டியில் பழகிய கால் புதிய வண்டியில் நம்மை ஏமாற்றிவிடும்.

இக்குறையை நிரப்பவே பல பேட்களில் சிறிய உலோக நாக்கு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உராய்ந்து கீச்சிடும். நான் தூசி என்று எண்ணியது இதைத்தான். இரவு மழையில் நின்ற வண்டி காலையில் இரண்டு மூன்று முறை முனகுவது வேறு. அது டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துருவினால் உண்டாவது, சற்று ஓடியதும் மறைந்துவிடும். நாள்தோறும் தொடர்ந்து கேட்பதே கவனிக்கத்தக்கது. ஆனால் எல்லாப் பேட்களிலும் இந்த நாக்கு கிடையாது. ஜன்னலை ஏற்றி ரேடியோவைப் பாடவிட்டுச் செல்பவர்களுக்கு, இருந்தாலும் பயனில்லை.

எனவே கண்ணால் பார்த்துவிடுவதே நம்பத் தகுந்த வழி. புதிய பேட்டின் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே வெளிப்பக்கத்துப் பேட் தெரியும். அப்போது இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. பேட்டைத் தாங்கும் எஃகுத் தகட்டையும் சேர்த்துக் கனத்தை மதிப்பிடுவது ஒன்று. வெளிப்பேட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது மற்றொன்று. காலிப்பர் நகரும் ஊசிகள் இறுகிவிட்டால் உட்பேட் மட்டும் தேய்ந்துபோகும்; அதைச் சக்கரத்தைக் கழற்றித்தான் காண இயலும். பின்சக்கர டிரம்மையும் அப்படியே திறந்து பார்க்க வேண்டும்.

பிரேக் எண்ணெய்ப் புட்டியும் ஓரளவு உண்மை சொல்லும். பேட் தேயும்போது பிஸ்டனின் பின்னால் அதிக எண்ணெய் நிற்பதால் புட்டியில் மட்டம் இறங்கும். மட்டம் குறைந்தது என்று காரணம் பாராமல் ஊற்றி நிரப்புவது, சான்றையே அழிப்பதாகும். கசிவு இல்லையெனில் முதலில் பேட்டைப் பார்க்கட்டும். பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ பெடல் அதிர்ந்தாலோ உடனே காட்ட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்று பொதுவிதி சொல்லக் கேட்கிறோம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டிக்கும், டில்லி நெரிசலில் நூறு அடிக்கு ஒருமுறை நிற்கும் வண்டிக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? வேகத்துக்கும் பங்குண்டு: 30 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதைவிட 60-இல் நிறுத்துவதற்கு நான்கு மடங்கு உஷ்ணம் உண்டாகிறது.

இந்தத் தொல்லை மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்தது. 1888-ஆம் ஆண்டு பெர்த்தா பென்ஸ் அம்மையார் ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்குத் தம் கணவரின் வண்டியை ஓட்டிச் சென்றபோது, இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. வழியில் ஒரு செருப்புத் தொழிலாளியிடம் அவற்றின்மேல் தோலை அடிக்கச் செய்து பயணத்தைத் தொடர்ந்தாராம். தேய்ந்ததை அவர் வழியிலேயே கவனித்தார் என்பதை நான் சற்று வெட்கத்துடனேயே எழுதுகிறேன்.

பேட்களை மாற்றும்போது ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றக் கூடாது. இடம் வலம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய தூசியை வாயால் ஊதக் கூடாது. மாற்றியபின் பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருக்குமாதலால் முதல் மிதிப்பில் பெடல் அடிவரை போய்விடும். வண்டியை நகர்த்துமுன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டிப்படும்வரை பலமுறை மிதித்துக்கொள்ள வேண்டும்.