சாவிக்குள் மூன்று சாவி

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கார் திருடர்கள் 2021-ல் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். சில மாடல் ஹூண்டாய், கியா கார்களைக் கிளப்பச் சாவியே வேண்டாம்; போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி ஒயரின் முனை போதும். அடுத்த ஆண்டு இது டிக்டாக்கில் பையன்களுக்கிடையே பந்தயமாகப் பரவி, ஊர் ஊராகக் கார்கள் காணாமல் போயின. இந்தத் திருட்டுகளால் குறைந்தது 14 விபத்துகள், 8 சாவுகள் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023 பிப்ரவரியில் கணக்குச் சொன்னது. சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவசமாக மென்பொருளைத் திருத்தித் தர வேண்டியதாயிற்று.

மற்ற கம்பெனிக் கார்கள் எப்படித் தப்பித்தன? 2015 மாடல்களை எடுத்துக்கொண்டால், பிற நிறுவனங்களின் வண்டி வகைகளில் 96 சதவீதத்தில், சரியான சாவி இல்லாமல் என்ஜினை ஓட விடாத இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியாவில் 26 சதவீதத்தில்தான். ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு 1998 முதல், கனடாவில் 2007 முதல் அது சட்டப்படி கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை, ஆகவே விலை குறைந்த மாடல்களில் விட்டுவிட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் சாவியின் பங்கு என்று பார்த்தால், பிளாஸ்டிக் தலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கறுப்புச் சில்லு. பரவலாகப் புழங்கும் ஒரு வகையின் அளவு 12 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன். அதற்குப் பேட்டரி கிடையாது, பட்டன் கிடையாது. கார் வைத்திருப்பவர்களில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சாவி தொலைந்து, புதுச் சாவியின் விலையைக் கேட்கும் நாள் வரை.

கார்ச் சாவி என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் மூன்று பொருள். கதவையும் இக்னிஷனையும் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. என்ஜினுக்கு அனுமதி வாங்கித் தரும் இந்தச் சிப் இரண்டாவது. பட்டனை அமுக்கினால் 'கீக் கீக்' என்று பூட்டித் திறக்கும் ரிமோட் மூன்றாவது. மூன்றும் ஒரே கூட்டுக்குள் குடியிருந்தாலும் பல வகைகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தனித்தனியாகப் பழுதாகும், தனித்தனியாக வாங்கலாம், தனித்தனியாகத்தான் காருக்குப் பழக்க வேண்டும். சாவி விஷயத்தில் நடக்கிற வீண் செலவுக்கும் ஏமாற்றத்துக்கும் பெரும்பாலும் காரணம், எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரியாமல் முழுதாகக் காசு கொடுப்பதுதான்.

சாவிக்குள் மின்சாரத்தை நுழைக்கும் யோசனை 1986 கார்வெட் காரில் வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதன் சாவித் தகட்டில் ஒரு மின்தடையைப் பதித்தது. தடையின் அளவு சரியாக இருந்தால்தான் என்ஜின் ஓடும். ஆனால் மொத்தம் 15 அளவுகள்தான். பொறுமையுள்ள திருடனுக்கு 15 சாவி போதும். தொண்ணூறுகளின் நடுவில் மின்தடையின் இடத்துக்கு ரேடியோ சிப் வந்தது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. சாவித் துளையைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. இக்னிஷனைத் திருப்பியதும் அது சுமார் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. சிப்பிலும் ஒரு குட்டிச் சுருள் உண்டு. காந்தப் புலம் அதில் மின்சாரத்தைத் தூண்ட, அந்தத் துளி மின்சாரத்தில் சிப் விழித்துக்கொள்கிறது. கார் அதனிடம் ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை ஒத்துப்போனால் என்ஜின் ஓடும். இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது, அல்லது கிளம்பி ஓரிரு நொடியில் அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கும். இந்தப் பேச்சுவார்த்தையில் ரகசிய எண் மட்டும் காற்றில் வருவதே இல்லை. காந்தப் புலம் தூரத்தின் கன மடங்கில் தேய்வதால், சில சென்டிமீட்டருக்கு அப்பால் பேச்சே எடுபடாது.

கணக்கு கடினமாக இருக்கும்வரை இது பலமான பூட்டு. நிறுவனங்கள் அங்கேதான் சிக்கனம் பார்த்தன. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் செய்த ஒரு பிரபல சிப்பின் ரகசிய எண் வெறும் 40 பிட் நீளம். அது உடையும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வகத்தாரும் 2005-ல் நிரூபித்தார்கள். பதின்மூன்று ஆண்டு கழித்து, 2018-ல், பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியைச் சில நொடிகளில் நகலெடுத்துக் காட்டியபோது, உள்ளே இருந்தது அதே 40 பிட் கணக்கு. அவ்வளவு விலையுள்ள வண்டிக்கு அப்படியொரு பூட்டு!

ரிமோட்டின் கதை வேறு. ரெனோ நிறுவனம் 1982-ல் ஃப்யூகோ காரில் கொடுத்த ரிமோட், டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது. பிறகு ரேடியோ வந்தது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரும்பாலும் 315. ஆரம்ப கால ரிமோட்டுகள் ஒரே குறியீட்டைத் திரும்பத் திரும்பக் கத்தின. பக்கத்தில் நின்று பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் கார் திறந்துவிடும். அதனால் அமுக்கும் தோறும் மாறுகிற குறியீடு வந்தது. காரிலும் சாவியிலும் ஒரே அச்சடித்த தினசரிக் காலண்டர் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அமுக்கும்போதெல்லாம் சாவி ஒரு தாளைக் கிழித்துக் காட்டுகிறது. கார் தன் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தானும் அதே தாள் வரை கிழித்துக்கொள்கிறது. கடந்துபோன தேதியை மறுபடி காட்டினால் செல்லாது. சட்டைப் பையில் கிடந்து பட்டன் நாலைந்து தடவை அமுங்கினால் பரவாயில்லை, சில தாள்கள் முன்னே போயிருந்தாலும் கார் ஒத்துக்கொள்ளும். கீலாக் என்ற புகழ்பெற்ற முறையில் அந்தச் சலுகை 16 தாள் வரை. குழந்தை கையில் ரிமோட் சிக்கி வெகுதூரம் கிழிபட்டிருந்தால் கார் உடனே திறக்காது. அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கி, அடுத்தடுத்த இரண்டு தாளைக் காட்ட வேண்டும். பேட்டரி மாற்றியபின் சில ரிமோட்டுகள் முதல் அமுக்கலுக்கு மசியாமல் இரண்டாவதற்கு மசிவதும் இந்த வகைதான்.

பொத்தானை அமுக்கிக் கிளப்பும் ஸ்மார்ட் கீ, இந்த இரண்டு வேலையையும் பைக்குள் இருந்தபடியே செய்கிறது. கதவுப் பிடியைத் தொட்டால் கார் 125 கிலோஹெர்ட்ஸில் கூப்பிடும், ஒன்றரை மீட்டருக்குள் சாவி இருந்தால் உயர் அதிர்வெண்ணில் பதில் சொல்லும். சாவி பக்கத்தில் இருப்பதால்தான் கூப்பிட்ட குரல் அதற்குக் கேட்டது என்று கார் நம்புகிறது. இந்த நம்பிக்கைதான் ஓட்டை. ஒருவர் வீட்டு வாசலில், இன்னொருவர் கார் அருகில் நின்று, காரின் குரலை வாங்கி வீட்டுக்குள் இருக்கும் சாவிக்கு எட்டச் செய்தால் போதும். எந்தக் கணக்கையும் உடைக்க வேண்டியதில்லை. சூரிச் இடிஎச் ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட கட்டுரையில் 8 நிறுவனங்களின் 10 மாடல்களைச் சோதித்தார்கள், பத்தும் திறந்தன.

இதற்கு எளிய மருந்து உலோகப் பெட்டி. பெட்டிக்குள் சாவியைப் போட்டு மூடி, காருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பெட்டி உதவாது. சில புதுச் சாவிகள் அசையாமல் கிடந்தால் தானாகவே உறங்கிவிடும். இன்னும் புதியவை, பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று அளக்கின்றன. ரேடியோ அலை ஒரு நானோநொடியில் போவது 30 செ.மீ. தூரம்தான். நடுவில் யார் அஞ்சல் செய்தாலும் தாமதம் காட்டிக்கொடுத்துவிடும். போனையே கார்ச் சாவியாக்கும் முறையிலும் இந்த அளவீடு வந்துகொண்டிருக்கிறது.

இனி கடைக்குப் போவோம். சென்னை ஜி.பி. ரோடு மாதிரியான உதிரிபாகக் கடைவீதிகளில் மடக்குச் சாவியின் வெளிக் கூடு மட்டும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பட்டன் ரப்பர் கிழிந்தவர்களுக்கு அது போதும். பழைய கூட்டைப் பிளந்து, பச்சை நிற போர்டை எடுத்துப் புதுக் கூட்டில் வைத்து, தகட்டையும் மாற்றி, அழுத்தி மூடுவார்கள். ஆனால் சில சமயம் ரிமோட் வேலை செய்யும், கதவு திறக்கும், என்ஜின் மட்டும் ஓடாது. கறுப்புச் சில்லு பழைய கூட்டின் மூலையில் ஒட்டியபடி குப்பைக் கூடையில் கிடக்கும். பல வகைகளில் அது போர்டோடு சேராமல் தனியே ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும் என்பதால் கண்ணில் படாது. பழைய கூட்டை, வண்டி கிளம்பும் வரை தூக்கி எறியாதீர்கள்.

முழுச் சாவி போடுவதென்றால் இரண்டு வழி. ஒன்று, இருக்கும் சிப்பை அப்படியே நகலெடுப்பது. விலை குறைவு, வேலை சீக்கிரம். ஆனால் காரின் கணக்கில் இரண்டு சாவிக்கும் ஒரே பெயர். நாளைக்கு ஒன்று தொலைந்து, அதை மட்டும் நீக்குங்கள் என்றால் முடியாது. இரண்டாவது, புதுச் சிப்பைக் காரின் பட்டியலில் முறைப்படி சேர்ப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகி, காரின் பாதுகாப்பு எண்ணைக் கொடுத்து, புதுச் சாவியை அறிமுகம் செய்வார்கள். மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கு அடங்கினால் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். நாம் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இந்த அறிமுகத்துக்குத்தான், தகட்டுக்கு அல்ல. சர்வீஸ் சென்டரில் செய்தாலும் கைதேர்ந்த சாவிக் கடையில் செய்தாலும் நகலா, பதிவா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரு சாவியாவது கையில் இருக்கும்போதே இரண்டாவதைப் போட்டுக்கொள்வது நல்லது. பல கார்கள் பழைய சாவியின் சாட்சியோடுதான் புதியதைச் சுலபமாகச் சேர்க்கும். சில மாடல்களில் இரண்டு பழைய சாவி வேண்டும். எல்லாம் தொலைந்துவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி நினைவகத்தைப் படிப்பது, சில சமயம் பெட்டியையே மாற்றுவது வரை போகும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு இரண்டு பொறிகள். அச்சு அசலாக நம் சாவி போலவே இருக்கும், ஆனால் 315 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்க வகையாக இருக்கும். நம் கார் காதில் விழவே விழாது. இன்னொன்று, பழைய ஸ்மார்ட் கீ. ஒரு காரில் பதிவானதும் பல வகைச் சிப்புகள் அந்தக் காரோடு பூட்டிக்கொள்ளும். அதை மலிவாக வாங்கி வந்தால் கையில் இருப்பது பொம்மை.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை, பேட்டரிதான். சிஆர் 2032 என்றால் விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. சிஆர் 2025-ம் அதே 3 வோல்ட்தான், ஆனால் 2.5 மி.மீ. தடிமன், 2032-ன் இடத்தில் அதைப் போட்டால் ஆடி ஆடித் தொடர்பு விடும். மாற்றிய பழைய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கவே கூடாது. 20 மி.மீ. வில்லை குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஸ்மார்ட் கீயை டிவி, லேப்டாப், சார்ஜர் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று பல கார்களின் கையேடுகள் சொல்கின்றன. அவற்றின் அலைகளைக் கேட்டுக் கேட்டுச் சாவி விழித்தே இருந்து பேட்டரியைக் காலி செய்யும். துணியோடு சேர்த்துத் துவைத்துவிட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ஈரத்தோடு மின்சாரமும் ஓடினால் போர்டு சீக்கிரம் அரிக்கும். அரிசி டப்பாவில் புதைத்தால் தவிடுதான் உள்ளே போகும், திறந்துபோட்டுக் காற்றில் உலர்த்தினாலே போதும். கீழே விழுந்து ஒரு பட்டன் மட்டும் போய்விட்டதென்றால் புதுச் சாவி எதற்கு? அடியில் இருக்கும் சுவிட்சின் ஈயப் பற்று விட்டிருக்கும். செல்போன் ரிப்பேர் செய்பவர் பற்றவைத்துத் தந்துவிடுவார்.

பேட்டரி நடுவழியில் தீர்ந்தாலும் வண்டி நிற்காது. ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் ஒரு விசையைத் தள்ளினால் உள்ளிருந்து குட்டித் தகட்டுச் சாவி வரும். ஓட்டுநர் பக்கக் கதவில், சில கார்களில் மூடிக்கு அடியில், அதற்கான துளை இருக்கும். உள்ளே உட்கார்ந்து, சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அமுக்கினால் பெரும்பாலான மாடல்களில் என்ஜின் ஓடும். பேட்டரி கேட்காத அந்தச் சிப், சுருளின் காந்தத்திலேயே விழித்துக்கொள்ளும். சில மாடல்களில் இதற்குத் தனி இடம் உண்டு, கையேட்டில் இருக்கும்.

பழைய கார் வாங்குபவர்கள் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கும் அக்கறையில் பாதியையாவது சாவியில் காட்டலாம். வண்டி திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பது எல்லா ஒரிஜினல் சாவிகளையும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கே என்ற கேள்வி வரும். முன்பே தொலைந்திருந்தால் அப்போதே காவல் நிலையத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கூடவே, பட்டியலில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று கருவியை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் அது தெரியும். விற்றவர் கொடுத்தது இரண்டு, கார் சொல்வது நான்கு என்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கையில் உள்ளதை மறுபடி சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குப் போகும்போது இரண்டு சாவியையும் எடுத்துப் போங்கள். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அதையும் கார் அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும்.